தினமும் மாலையில் வீட்டில் வைன் குடிப்பது குடிப்பழக்கமா?

கேட்டவர் கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார், வயது 44. கணவருக்கு 51. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். முதலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஒரு போத்தல் வைன் திறந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கிய காலத்தில் அது புதன்கிழமைக்கும் வந்தது, பிறகு எல்லா நாளுக்கும் வந்துவிட்டது. இப்போது மாலை ஏழு மணிக்குத் திறந்தால் சாப்பாட்டுக்கு முன் இருவருமாக ஒரு போத்தலை முடித்துவிடுகிறார்கள். "வெளியே போய்க் குடிப்பதில்லை, சண்டை இல்லை, சமைக்கிறேன், மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன், காலையில் நேரத்துக்கு வேலைக்குப் போகிறேன். சிவப்பு வைன் இதயத்துக்கு நல்லது என்று இவர் சொல்கிறார். ஆனால் மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிற்கும்போது தேநீர்க் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறேன். இது குடிப்பழக்கமா?" என்று கேட்கிறார். கணவருக்குச் சீனியும் பிரஷரும் இருக்கிறது; சீனிக்கு மெட்போமினும் கிளிக்லசைட்டும், பிரஷருக்கு லொசார்ட்டனும் எடுக்கிறார் என்பதையும் கடைசியில் ஒரு வரியில் எழுதியிருக்கிறார்.

நான் கொழும்பில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. வேறு எதற்கோ வந்து, எழும்பிப் போகும்போது கதவடியில் நின்று சொல்வார்கள். நீங்கள் நேராகக் கேட்டது நல்லது, நானும் நேராகவே சொல்கிறேன். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து உங்களைக் குடிக்கு அடிமையானவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நீங்கள் இருவரும் குடிக்கும் அளவு உடம்பு தாங்கும் அளவைவிடக் கூட. உங்கள் கணவருக்கு, அவர் எடுக்கும் குளிசைகளோடு சேர்த்துப் பார்த்தால், அது என்றைக்கோ வரப்போகிற ஆபத்தல்ல, இன்றிரவே வரக்கூடியது. அந்தக் கடைசி ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் அளவு.

நம்முடைய வீடுகளில் சாராயம் என்றால் குடி, வைன் என்றால் குடியில்லை. சாராயப் போத்தலோடு வீட்டுக்கு வரும் ஆம்பிளையைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதே வீட்டில் நத்தாருக்கு வைன் கொடுத்தால் பாட்டியும் ஒரு வாய் வாங்கிக் குடிப்பார். உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கணக்கைப் பாருங்கள்: 750 மில்லி போத்தலில் 13 சதவீதம் என்று லேபிளில் இருந்தால், உள்ளே சுத்தமான அல்ககோல் 97 மில்லிக்குச் சற்று மேல். நிறையில் அது ஏறக்குறைய 77 கிராம். 33 சதவீதத் தென்னஞ்சாராயத்தில் அதே 77 கிராம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 300 மில்லி குடிக்க வேண்டும். 4.8 சதவீத லேகர் பியர் என்றால் 625 மில்லிப் பெரிய போத்தல் மூன்றுக்கும் மேல். ஆளுக்குப் பாதி என்று எடுத்தால், நீங்கள் ஒவ்வொருவரும் தினமும் மாலையில் 150 மில்லி சாராயத்துக்குச் சமமாகக் குடிக்கிறீர்கள். உங்கள் கணவர் வருடம் முழுக்க ஒரு நாள் விடாமல் 150 மில்லி சாராயம் குடிக்கிறார் என்று யாராவது சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதையே இதற்கும் நினைக்க வேண்டும்.

கிழமைக் கணக்கில் பார்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய 270 கிராம். இங்கிலாந்தின் மருத்துவ அதிகாரிகள் 2016இல் மாற்றி வெளியிட்ட வழிகாட்டியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லைதான்: கிழமைக்கு 14 யூனிட், அதாவது 112 கிராம். அதையும் சில நாட்கள் விட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்றார்கள். 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று 19 நாடுகளைச் சேர்ந்த கிட்டத்தட்ட ஆறு இலட்சம் பேரைப் பார்த்தது. கிழமைக்கு 100 கிராமுக்கு மேல் போகப்போக ஆயுள் குறைவதை அது காட்டியது. நீங்கள் அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேலே நிற்கிறீர்கள்.

இந்தக் கணக்கை நம்புவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்து பாருங்கள். வழக்கமாகக் குடிக்கும் கிளாஸை எடுத்து, வழக்கமாக ஊற்றும் உயரத்துக்கே தண்ணீர் ஊற்றுங்கள். அளந்து ஊற்ற வேண்டாம், கை போன போக்கில் ஊற்றுங்கள். பிறகு அந்தத் தண்ணீரை ரைஸ் குக்கரோடு வந்த அரிசிக் கப்பில் ஊற்றிப் பாருங்கள். அந்தக் கப் பெரும்பாலும் 180 மில்லி. கப் நிரம்பி வழிந்தால், 'ஒரு கிளாஸ்' என்று நீங்கள் சொல்வது உண்மையில் புத்தகங்கள் சொல்லும் 150 மில்லிக் கிளாஸில் ஒன்றே கால், சில வேளை ஒன்றரை. இது உங்கள் கையின் குற்றமல்ல. கிளாஸ்களே பெருத்துவிட்டன. இங்கிலாந்து வைன் கிளாஸ்களை அளந்து கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017இல் எழுதினார்கள்: 1700இல் சராசரியாக 66 மில்லி கொண்ட கிளாஸ் இப்போது 449 மில்லிக்கு வந்திருக்கிறது. அப்படிப்பட்ட கிளாஸில் 150 மில்லி ஊற்றினால் கிளாஸின் அடியில் கொஞ்சம் கிடப்பதுபோலத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும்.

போத்தலும் ஒரு காரணம். சாராயப் போத்தலை மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வைன் திறந்தால் காற்றுப் பட்டுப் புளிக்கத் தொடங்கும், அதுவும் கொழும்பு வெக்கையில் மேசையில் கிடந்தால் மறுநாளே சுவை மாறிவிடும். விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் 'வீணாகப் போகிறதே' என்று கடைசிக் கிளாஸையும் குடித்து முடிக்கிறோம். தாகமோ ஆசையோ இல்லாமல் சிக்கனத்துக்காகக் குடிக்கும் அந்தக் கிளாஸ்தான் முதலில் நிற்க வேண்டியது. இறுக மூடி பிரிட்ஜில் வைத்தால் சிவப்பு வைனும் மூன்று நான்கு நாள் தாக்குப்பிடிக்கும்.

சரி, இதயக் கதை. உங்கள் கணவர் சொல்வது அவர் கண்டுபிடித்ததல்ல. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று, பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் இறைச்சியும் தாராளமாகச் சாப்பிட்டும் மாரடைப்புக் குறைவாக இருப்பதற்குச் சிவப்பு வைன் காரணமாக இருக்கலாம் என்று சொன்னது. அடுத்த வருடம் சேர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி லான்செட்டில் அதைப் பற்றி எழுதினார். உலகமே பிடித்துக்கொண்டது. பிறகு வந்த எத்தனையோ ஆய்வுகளும் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் குடிக்கவே குடிக்காதவர்களைவிட நன்றாக இருப்பதாகக் காட்டின. ஆனால் அந்தக் 'குடிக்காதவர்' கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. வருத்தம் வந்து வைத்தியர் சொல்லி நிறுத்தியவர்கள், முன்பு நிறையக் குடித்து ஈரல் கெட்டவர்கள், வேறு நோய்க்கு மருந்து எடுப்பதால் குடிக்க முடியாதவர்கள் எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். கொஞ்சமாக வைன் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள், நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்கள், நடைப்பயிற்சி செய்கிறவர்கள் என்பதும் இன்னொரு பக்கம். 2019இல் சீனாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுவைப் பார்த்து, பிறவியிலேயே குடி ஒத்துக்கொள்ளாதவர்களையும் ஒத்துக்கொள்பவர்களையும் ஒப்பிட்டார்கள். அளவாகக் குடித்தால் பக்கவாதம் தடுக்கப்படும் என்ற நம்பிக்கை அதில் நிற்கவில்லை. குடி கூடக்கூடப் பிரஷரும் பக்கவாதமும் கூடின.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளைப் பற்றியும் அவர் சொல்லக்கூடும். ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவுகளோடு ஒப்பிட்டால் ஒரு கிளாஸ் வைனில் இருப்பது மிகமிகக் குறைவு. இதயத்துக்காக என்றால் நடையும் பிரஷர்க் குளிசையும் செய்யும் வேலையை வைன் செய்யாது. ருசிக்காகக் குடிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை நான் மதிக்கிறேன். மருந்தாகக் குடிக்கிறேன் என்று சொன்னால் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மறுபக்கத்தில் இருப்பது புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுபானங்களைப் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் என்று பட்டியல் போகிறது. இலங்கைப் பெண்களிடம் மிகக் கூடுதலாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். தினமும் 10 கிராம் அல்ககோல் கூடும்போது அதன் வாய்ப்பு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது என்று 2002இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னார்கள். நூறில் ஏழு பேருக்கு வந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பின்மேல் அந்தளவு ஏறுகிறது. நீங்கள் 38 கிராமில் நிற்கிறீர்கள், குடும்பத்தில் தாய்க்கோ சகோதரிக்கோ அந்த நோய் இருந்திருந்தால் அதையும் சேர்த்து நினையுங்கள். வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், குடியும் சேரும்போது வாய்ப் புற்றுநோயின் ஆபத்து பல மடங்காகிவிடும்.

ஆண்களைவிடப் பெண்களின் உடம்பில் நீர்ச்சத்து குறைவு. அதனால் ஒரே கிளாஸ் உங்கள் இரத்தத்தில் அவரைவிடக் கூடுதலாக ஏறும். 'நானும் இவரும் சரிபாதி' என்பது போத்தலில் சரி, உடம்பில் சரியல்ல.

இனி உங்கள் கணவரின் குளிசைகள். இதைத் தயவுசெய்து அவரோடு சேர்ந்து இருந்து வாசியுங்கள்.

கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. அது வேலை செய்யும்போது இரத்தத்தில் சீனி இறங்கும். நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில், முக்கியமாக இரவு நித்திரையில், சீனி மிகவும் இறங்கிவிடாமல் ஈரல்தான் புதிதாகச் சீனி செய்து இரத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். வயிற்றில் அல்ககோல் போனால் ஈரல் முதலில் அதைக் கரைக்கும் வேலையில் இறங்குகிறது, சீனி செய்யும் வேலை தடைப்படுகிறது. ஒரு பக்கம் மருந்து சீனியை இறக்குகிறது, மறுபக்கம் ஏற்றிவிட வேண்டிய உறுப்பு கைவிட்டுவிடுகிறது. அதோடு ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் குடித்து, பசி மந்தமாகி, ஒன்பதரைக்கு இரண்டு இடியப்பத்தோடு எழும்பிவிட்டால் அதிகாலையில் சீனி நன்றாக இறங்கலாம். குடித்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் இது வரும்.

இதில் பயங்கரமான பகுதி என்னவென்றால், சீனி இறங்கியவரைப் பார்த்தால் வெறியில் இருப்பவரைப் போலவே இருப்பார். வியர்வை, கை நடுக்கம், நாக்குத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம், குழப்பம், பிறகு மயக்கம். வைன் குடித்தவர் என்று தெரிந்த வீட்டுக்காரர் 'கிடக்கட்டும், நித்திரை கொண்டால் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. வீட்டில் சீனி பார்க்கும் மெஷின் இருக்க வேண்டும். இப்படித் தெரிந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால், அல்லது மெஷின் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு பாணோ பிஸ்கட்டோ சாப்பிட வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், பக்கவாட்டில் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

இதைச் சொன்னவுடன் சிலர் செய்யும் காரியம் எனக்குத் தெரியும்: குடிக்கிற இரவில் குளிசையை விட்டுவிடுவது. அது தீர்வல்ல. தினமும் குடிப்பவர் தினமும் குளிசையை விட்டால் சீனி கட்டுப்பாடு இழந்து கண்ணும் சிறுநீரகமும் கெடும். குளிசை இருக்கட்டும், வைன் போகட்டும். மெட்போமினோடு தொடர்ந்து நிறையக் குடித்தால், முக்கியமாகச் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, இரத்தத்தில் லக்டிக் அமிலம் கூடும் ஆபத்து இருக்கிறது. அரிதுதான், வந்தால் உயிருக்கே ஆபத்து. லொசார்ட்டன் எடுப்பவர் குடித்துவிட்டுச் சடாரென்று எழும்பினால் தலை சுற்றும். நாளாக ஆக வைனே பிரஷரை ஏற்றும், ஒரு கையால் ஏற்றிவிட்டு மறு கையால் மருந்து போடுகிறீர்கள். தடிமனுக்குப் போடும் பிரிட்டன் குளிசையும் நித்திரைக்கு வேறு ஏதாவது குளிசையும் வைனோடு சேர்க்கவே வேண்டாம். மயக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

அவருடைய ஈரலும் ஏற்கெனவே சுமை தூக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. நகரத்துச் சாப்பாடு, உட்கார்ந்த வேலை, சீனி வருத்தம் மூன்றும் இருந்தால் குடியே இல்லாமலும் ஈரலில் கொழுப்புப் படியும். கொழும்புக்கு அருகே ராகமையில் 35 முதல் 64 வயதானவர்களிடம் செய்த ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. அப்படிப்பட்ட ஈரலுக்கு 'அளவான குடி' என்று தனியாக ஓர் அளவு கிடையாது.

நித்திரையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்கிறேன்: அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வருகிறதா? வைன் குடித்தால் தலையணையில் தலை வைத்தவுடன் நித்திரை வரும், அதுதான் அதன் கவர்ச்சி. முன்னிரவில் கனவு காணும் நித்திரை அடங்கிக் கிடக்கும். அல்ககோல் கரைந்து முடியும் பின்னிரவில் மூளை எதிர்ப்பக்கமாகத் துள்ளும். நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், வாய் காயும், இல்லாத கவலை எல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். மறுநாள் களைப்பு. மாலையில் அந்தக் களைப்பையும் பதற்றத்தையும் ஆற்ற மறுபடியும் ஒரு கிளாஸ். வேலைப்பளு, வயது, மாதவிடாய் நிற்கப்போகிற காலம் என்று நினைத்து வருகிற பெண்களில் சிலருக்கு, வைனைச் சில கிழமை நிறுத்தியதும் பாதிப் பிரச்சினை போனதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. பழக்கமா இல்லையா என்பதைச் சண்டையோ வெறியோ காட்டாது. நம் நாட்டில் அதைக் காட்டுவது போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை. போயாவில் மதுக்கடை திறக்காது, சுப்பர்மார்க்கெட்டிலும் அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். அந்த நாளுக்கு முதல் நாள் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? வேலை முடிந்து வரும் வழியில் ஒரு போத்தலுக்குப் பதில் இரண்டு வாங்குகிறீர்களா? இரண்டு நாள் வரும் வெசாக் என்றால் மூன்றா? 'நாளைக்குப் போயா, எடுத்து வைத்தீர்களா' என்று வீட்டில் ஒருவர் கேட்கிறாரா? மறந்துபோய் வீட்டில் இல்லாமல் போன போயா மாலை எப்படிப் போனது? ஏழு மணிக்கு எரிச்சல் வந்ததா, அல்லது ஒன்பது மணிக்குத்தான் ஞாபகமே வந்ததா? இந்தக் கேள்விகளுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளும் பதிலை நான் எந்த இரத்தப் பரிசோதனையையும்விட நம்புவேன்.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தொடவில்லை, நவராத்திரிக்கு ஒன்பது நாளும் தொடவில்லை, தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டோம் என்று சிலர் சொல்வார்கள். உண்மையிலேயே நல்லது. ஆனால் அந்த நாட்களில் விரதம் உங்களைத் தாங்கிக்கொள்கிறது, வீடு முழுக்க விரதம், சாப்பாடும் நேரமும் வேறு. விரதமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைத்தளத்தில் மேலதிகாரியோடு மனஸ்தாபம், கொழும்பின் காலி வீதியில் மழை, வாகன நெரிசல், வீட்டுக்கு வர ஏழரை. அந்த நாளில் வைன் இல்லாமல் இருக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. இன்னொன்றும் கவனியுங்கள், விரதம் முடிந்த மறுநாள் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறோமா என்று.

உலக சுகாதார நிறுவனம் ஆடிட் என்ற பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வைத்திருக்கிறது. அதன் முதல் கேள்வியே எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள் என்பது. கிழமையில் நான்கு நாளோ அதற்கு மேலோ என்றால் அங்கேயே 4 புள்ளி. மொத்தம் 8 வந்தால் வைத்தியரோடு கதைக்க வேண்டும் என்று அர்த்தம். 'நான் குடிக்கு அடிமையா' என்று மனதுக்குள் மாய்வதைவிட அதை நிரப்பிப் பார்ப்பது மேல்.

தேநீர்க் கோப்பை விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் சமூகத்தில் ஆண் குடித்தால் கவலை, பெண் குடித்தால் அவமானம். அரசாங்கமும் அப்படித்தான் நடந்தது. பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற பழைய தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். இந்த அவமானத்தால் ஒரு பெண்ணின் குடி குறைந்து நான் பார்த்ததில்லை. மறைவதைத்தான் பார்த்திருக்கிறேன். கோப்பையில் ஊற்றினால் அளவு தெரியாது, மறைத்துக் குடிப்பவர் அவசரமாகக் குடிப்பார், உதவி கேட்க மாட்டார், வைத்தியர் கேட்டாலும் 'எப்போதாவது' என்பார். மாமிக்கு நீங்கள் கணக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வைத்தியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். மாமி நிற்கும் நாட்களில்கூட ஒரு மாலையை விட முடியவில்லை என்பதையும் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், அதனால்தான் அந்தக் கோப்பையைப் பற்றி எழுதினீர்கள் என்று நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்? உங்கள் கணவர் தம் வைத்தியரைப் பார்க்கும்வரை வைனைத் தொடாமல் இருப்பதுதான் என் ஆலோசனை. ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக, ஆளுக்கு ஒரு போத்தல் அளவுக்கோ அதற்கு மேலோ யாராவது தினமும் குடித்தால், அல்லது காலையில் கை நடுங்கி, வேர்த்து, ஒரு வாய் குடித்தால்தான் அடங்குகிறது என்றால், திடீரென்று நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் புத்தி பேதலித்து ஆட்களையும் பூச்சிகளையும் காண்பது வரலாம், உயிரும் போகலாம். அவர்கள் வைத்தியரின் மேற்பார்வையில், மருந்தோடு, விற்றமின் பி1 கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

காலையில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் திங்கள் முதல் வியாழன் வரை வைன் இல்லை என்று தொடங்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக எல்லா நாளும் குறைப்பதைவிட, சில நாட்களை முற்றாக விடுவது பலருக்கு லேசாக இருக்கிறது. ஒவ்வொரு மாலையும் 'இன்றைக்கு எவ்வளவு' என்று உங்களோடு நீங்களே பேரம் பேசத் தேவையில்லை. வீட்டில் போத்தல் இருக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை ஒன்று வாங்குங்கள், அதுவும் சிறிய போத்தல் கிடைத்தால் அதுவே.

ஏழு மணிக்கு உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் பசியும், வேலை முடிந்தது என்று உடம்புக்குச் சொல்லும் ஓர் அடையாளமும்தான். கொழும்பில் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்கள் இரவு ஒன்பது வரை காய்ந்து கிடக்கிறோம். வீட்டுக்கு வந்தவுடன் அவித்த கடலையோ, ஒரு முட்டையோ, ஒரு பாண் துண்டோ சாப்பிட்டால் அந்த ஆசை பாதி அடங்கும். முடிந்தால் இரவுச் சாப்பாட்டையே ஏழரைக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம், கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்றால் தேசிக்காய் பிழிந்து உப்புப் போட்ட சோடாவை அதே வைன் கிளாஸில் ஊற்றிக் குடியுங்கள். நெல்லி ரசம் சோடாவோடு நன்றாக இருக்கும், ஆனால் அதில் சீனி நிறைய, உங்கள் கணவருக்குச் சரிவராது. கடலோரம் மரின் டிரைவ் வீதிக்கு இறங்கி அரை மணி நேரம் இருவருமாக நடங்கள். வைன் நேரத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து கதைப்பதுதான் அந்த மாலையில் மிக நல்ல விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விட்டுவிடாதீர்கள். மகள் வளர்கிறாள், அம்மாவும் அப்பாவும் போத்தல் இல்லாமலும் சிரித்துக் கதைப்பதை அவளும் பார்க்க வேண்டும்.

முதல் சில இரவுகள் நித்திரை குழம்பும், அதை வைத்து 'எனக்கு வைன் வேண்டும்போல' என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு கிழமை, பத்து நாளில் மூன்று மணி விழிப்புக் குறையத் தொடங்கும். ஒரு மாதத்தில் பிரஷரை அளந்து முந்திய அளவோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும். தொடங்க முன்பும் இரண்டு மாதம் கழித்தும் இருவரும் ஈரல் பரிசோதனை செய்யுங்கள், வைத்தியரிடம் ஜிஜிடி என்ற அளவையும் சேர்த்துக் கேளுங்கள். குடியை நிறுத்தினால் அது சில கிழமைகளில் இறங்கும். கணவருக்கு எச்பிஏ1சியும் (கடந்த சில மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) சிறுநீரகப் பரிசோதனையும் தேவை. கிளிக்லசைட்டுக்குப் பதிலாக, சீனியை அவ்வளவு இறக்காத வேறு மருந்து ஒத்துவருமா என்றும் அவருடைய வைத்தியரிடம் கேட்கலாம், ஆனால் 'தினமும் அரைப் போத்தல் வைன் குடிக்கிறேன்' என்ற உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

அவர் ஒத்துவரவில்லை என்றால் நீங்கள் தனியாகத் தொடங்குங்கள். காத்திருக்க வேண்டாம். இரண்டு பேரும் முயன்றும் நான்கு நாள் விட முடியவில்லை, நினைத்த அளவைத் தாண்டித் தாண்டிப் போகிறது என்றால் அது உங்கள் மனபலத்தின் குறையல்ல, உதவி வேண்டிய கட்டம். ஆசையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன, மனநல வைத்தியர் பார்த்துத் தருவார். கொழும்பில் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடிப்பழக்கத்துக்கும் போதைப்பழக்கத்துக்கும் என்றே நடக்கிறது, அங்கோடையில் தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது, தேசிய மனநல உதவிக்கு 1926, போதைப்பொருள் தொடர்பான ஆலோசனைக்கு 1927. வெளியே போகக் கூச்சமாக இருந்தால் முதலில் தொலைபேசியில் கதையுங்கள். எடுத்தவுடன் தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.